மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ.: எது எவ்வளவில் முடியும்?

அக்காவுக்கு மார்பில் சிறு கட்டி போலத் தட்டுப்பட்டபோது, நாங்கள் முதலில் கேட்டது மார்பக எக்ஸ்ரே படமான மேமோகிராமுக்கு எவ்வளவு ஆகும் என்பதைத்தான். பரிசோதனை நிலையத்தின் முகப்பில் இருந்தவர் ஒரு தொகையைச் சொன்னார், கட்டினோம். அன்றே அதே மார்பில் அல்ட்ராசவுண்டும் எடுத்தார்கள், அதற்குத் தனிக் கட்டணம். இரண்டு வாரம் கழித்து, படங்களைப் பார்த்து அறிக்கை எழுதிய மருத்துவருக்கென்று இன்னொரு ரசீது வீடு தேடி வந்தது. முதலிலேயே சொல்லியிருந்தால் பணத்துக்கு ஏற்பாடு செய்திருப்போம். பயத்தில் இருக்கும் குடும்பத்திடம் அதைச் சொல்லாமல் விட்டதுதான் வலித்தது.

அன்றிலிருந்து இந்தப் பரிசோதனைகளை ஒப்பிடும்போது நான் இரண்டு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். இதை எடுத்தால் அடுத்து என்ன எடுக்கச் சொல்வார்கள்? அதற்கு யார் பணம் கட்டுவது?

மேமோகிராமிலேயே இரண்டு வகைக் கணக்கு இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. எந்த அறிகுறியும் இல்லாதவருக்கு எடுப்பது ஸ்கிரீனிங். ஒவ்வொரு மார்புக்கும் வழக்கமாக இரண்டு படங்கள், ஆக நான்கு. கட்டி, வலி, காம்பில் கசிவு என்று ஏதாவது இருந்தாலோ, ஸ்கிரீனிங் படத்தில் ஐயம் எழுந்தாலோ எடுப்பது நோயறிதல் மேமோகிராம். இயந்திரம் ஒன்றுதான். ஆனால் ஐயமுள்ள இடத்தை மட்டும் அழுத்தியும் பெரிதாக்கியும் கூடுதல் படங்கள் எடுக்கிறார்கள், படங்களைப் படித்து அறிக்கை எழுதும் மருத்துவரான ரேடியாலஜிஸ்ட் பெரும்பாலும் அப்போதே பார்க்கிறார். அமெரிக்கா போன்ற இடங்களில் பல காப்பீட்டுத் திட்டங்கள் ஸ்கிரீனிங்குக்கு முழுத் தொகையையும் தருகின்றன. நோயறிதல் என்று பெயர் மாறினால் நோயாளியின் பங்கைக் கேட்கலாம். கைச்செலவை நிர்ணயிப்பது மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் உள்ள அந்த ஒரு சொல்தான். அதை வாங்கும்போதே படித்துவிட வேண்டும்.

முப்பரிமாண மேமோகிராமுக்குச் சில இடங்களில் கூடுதல் கட்டணம் உண்டு. டோமோசிந்தசிஸ் எனப்படும் இதில் எக்ஸ்ரே குழாய் வளைந்து நகர்ந்து பல கோணங்களில் படமெடுக்கும். கணினி அவற்றை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும். ஒன்றன்மேல் ஒன்று படிந்த திசுக்கள் கட்டி போலத் தோன்றும் குழப்பம் இதனால் குறைகிறது. அமெரிக்காவில் சாதாரண ஸ்கிரீனிங்குக்குப் போகும் 100 பேரில் ஏறத்தாழ 10 பேர் மறுபடியும் அழைக்கப்படுகிறார்கள், அவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. அங்கே நடந்த பல ஆய்வுகளில் முப்பரிமாணப் படம் அந்த மறு அழைப்புகளைக் குறைத்திருக்கிறது. மறு அழைப்பு ஏற்கெனவே குறைவாக இருக்கும் ஐரோப்பியத் திட்டங்களில் எப்போதும் அப்படி நடக்கவில்லை. கூடுதல் கட்டணம் சிறிதாக இருந்தால் நான் இதையே எடுக்கச் சொல்வேன். ஒரு மறு அழைப்பு தவிர்ந்தாலே அந்தப் பணமும், தூக்கமில்லாத சில இரவுகளும் மிச்சம்.

அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை, மார்பை நசுக்குவதும் இல்லை, கட்டணமும் குறைவு. கையில் தட்டுப்படும் கட்டி நீர்க்கட்டியா திடக்கட்டியா என்று சொல்ல இதைப் போல எளிய வழி வேறில்லை. 30 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குக் கட்டி தென்பட்டால் பொதுவாக இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அக்காவுக்கு இருந்தது நீர்க்கட்டி என்று சொன்னதும் இந்தப் பரிசோதனைதான். ஆனால் மேமோகிராமுக்குப் பதிலாக இதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும் என்று சிலர் சொல்வதை ஏற்க முடியாது. தொடக்க நிலைப் புற்றுநோய் சில நேரம் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களாக மட்டுமே தெரியும், அவற்றைக் காட்டுவதில் மேமோகிராமே கெட்டி.

கொழுப்பைவிடச் சுரப்பித் திசு மிகுந்து மார்பகம் அடர்த்தியாக இருந்தால் மேமோகிராமில் கட்டி மறைந்துவிடக்கூடும். அப்படிப்பட்டவர்களுக்கு மேமோகிராமோடு அல்ட்ராசவுண்டையும் சேர்த்து எடுக்கும்போது கணக்கு சிக்கலாகிறது. 2008இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், அப்படிச் சேர்த்ததால் 1000 பெண்களில் கூடுதலாக ஏறத்தாழ 4 பேருக்குப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நால்வருக்கும் அது பெரிய பேறு. ஆனால் அல்ட்ராசவுண்டில் மட்டும் ஐயம் தோன்றிப் பரிந்துரைக்கப்பட்ட பயாப்ஸிகளில், அதாவது ஊசியால் திசு எடுத்துச் செய்யும் சோதனைகளில், 100க்கு ஏறத்தாழ 9இல்தான் புற்றுநோய் இருந்தது. மற்ற 91 பேரும் ஊசிக்கு, திசு ஆய்வகத்துக்கு, நோய்க்கூறியல் அறிக்கைக்கு என்று தனித்தனியாகப் பணம் கட்ட நேரும். முதல் ரசீதில் மிகக் குறைவாகத் தெரியும் பரிசோதனை இப்படித்தான் வளர்கிறது. எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயாப்ஸி வரை போனால் எவ்வளவு ஆகும் என்பதையும் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் கட்டணம் மிக அதிகம், காந்தப் புலத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ.க்குத்தான். ஸ்கேன் கட்டணத்தோடு, படம் தெளிவாகத் தெரிய நரம்பில் ஏற்றும் கடோலினியம் மருந்துக்கும், சிலருக்கு அதற்கு முன் செய்யும் சிறுநீரகச் சோதனைக்கும் பணம் ஆகும். இதில் மட்டுமே தெரியும் ஒரு புள்ளியைச் சோதிக்க எம்.ஆர்.ஐ. வழிகாட்டலோடு பயாப்ஸி செய்ய வேண்டியிருக்கும். அந்த வசதி எல்லா இடங்களிலும் இல்லை, செலவும் மிக அதிகம்.

அவ்வளவு கொடுப்பது தகுமா என்பதற்கு நெதர்லாந்தில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு ஓரளவு விடை தருகிறது. மேமோகிராமில் குறை எதுவும் தெரியாத, மிக அடர்த்தியான மார்பகம் கொண்ட பெண்கள் அதில் பங்கேற்றனர். முதல் சுற்று எம்.ஆர்.ஐ.யில் 1000 பேரில் 16 அல்லது 17 பேருக்குப் புற்றுநோய் வெளிப்பட்டது. ஏறத்தாழ 80 பேர் நோயில்லாமலேயே மேல் சோதனைகளுக்கு அனுப்பப்பட்டனர். மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ளவருக்கும், வாழ்நாள் ஆபத்து மிக அதிகம் என்று கணிக்கப்பட்டவருக்கும் இது கடன் வாங்கியாவது செய்ய வேண்டிய செலவு. சராசரி ஆபத்து உள்ளவர் அச்சத்தின் பேரில் மட்டும் இதைத் தேடிப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

மேமோகிராமுக்கும் முழு எம்.ஆர்.ஐ.க்கும் நடுவே, ஏறத்தாழ 10 நிமிடத்தில் முடியும் சுருக்க எம்.ஆர்.ஐ. வந்திருக்கிறது. அடர்த்தியான மார்பகம் கொண்ட 1444 பெண்களிடம் அதையும் முப்பரிமாண மேமோகிராமையும் ஒப்பிட்ட ஆய்வு 2020இல் வெளியானது. பரவும் தன்மையுள்ள புற்றுநோய் இருந்த 17 பேரையும் சுருக்க எம்.ஆர்.ஐ. கண்டுபிடித்தது, மேமோகிராம் கண்டது 7 பேரை. கட்டணம் முழு எம்.ஆர்.ஐ.யைவிடக் குறைவு, ஆனால் பல காப்பீடுகள் இதற்குப் பணம் தருவதில்லை. ஆகவே கையிலிருந்து முழுதாகக் கட்டும் தொகையை மட்டும் வைத்து ஒப்பிடுங்கள். மாதவிடாய் நிற்காதவர்கள் எம்.ஆர்.ஐ.க்கு நாள் குறிக்கும்போது சுழற்சியின் 7 முதல் 14ஆம் நாளுக்குள் கேட்டு வாங்குவது நல்லது. மற்ற நாட்களில் இயல்பான திசுவும் மருந்தை உறிஞ்சி ஒளிர்ந்து, வீண் ஐயத்தைக் கிளப்பும்.

வெப்பப் படமான தெர்மோகிராபி இந்த வரிசையிலேயே வராது. மேமோகிராமுக்கு அது மாற்று அல்ல என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பலமுறை எச்சரித்திருக்கிறது. அதற்குக் கட்டிய பின்னும் மேமோகிராமுக்குக் கட்டத்தான் வேண்டும்.

முன்பதிவு செய்யும்போது தொகையை எழுத்தில் கேளுங்கள்: படம் எடுப்பதற்கு எவ்வளவு, ரேடியாலஜிஸ்டுக்கு எவ்வளவு, அன்றே அல்ட்ராசவுண்ட் தேவைப்பட்டால் எவ்வளவு. பழைய படங்களின் குறுந்தகட்டை எடுத்துப் போங்கள். மூன்று ஆண்டுகளாக மாறாமல் இருக்கும் ஒரு நிழல், ஒப்பிடப் பழைய படம் இல்லாவிட்டால் புதியது போலவே தெரியும். மறு அழைப்பு வரும். அக்கா தன் குறுந்தகடுகளை இப்போது பீரோவில், வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறாள்.