புறக்கடை மறைப்பு: ரெடிமேட் பார்ட்டியா, மேஸ்திரியா, பட்டறைக்காரரா?

பக்கத்துக் காலி மனையில் வீடு எழும்பியதும் புறக்கடைக்கு மறைப்பு தேவைப்படும். கோவை, திருப்பூர் பக்கம் இந்த வேலைக்கு மூன்று வகை ஆட்கள் கிடைப்பார்கள்: வார்த்த கான்கிரீட் தூணும் பலகையும் கொண்டுவந்து ரெடிமேட் காம்பவுண்ட் போடுகிற பார்ட்டி, ஹாலோபிளாக் கட்டுகிற மேஸ்திரி, இரும்புத் தகடு அடிக்கிற வெல்டிங் பட்டறைக்காரர். 60 அடி நீளம், 6 அடி உயரம் என்று மூவரிடமும் ஒரே அளவைச் சொல்லி விலை கேளுங்கள். பெரும்பாலும் சதுர அடிக்கணக்கில்தான் சொல்வார்கள். மண்ணுக்குள் போவது அந்தக் கணக்கில் தெரியாது, ஏமாறுவது அங்கேதான்.

ரெடிமேட் வேலை இரண்டு மூன்று நாளில் முடியும். 7 அடிக்கு ஒரு தூண் என்றால் 10 தூண், ஓரடி உயரப் பலகை 54. தூண் 8 அடி நீளம் இருந்து, 2 அடி குழிக்குள் இறங்கி, குழி முழுக்க கான்கிரீட் விழ வேண்டும். ஒன்றரை அடிச் சதுரக் குழிகள் பத்துக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமெண்ட் பிடிக்கும். இரண்டே மூட்டையோடு வந்து இறங்கினால், மீதிக் குழியை மண்ணும் கல்லும் போட்டு மூடப் போகிறார்கள் என்று அர்த்தம். தரை சரிவாக இருந்தால் அடிப்பலகைக்குக் கீழே சந்து விழும், நாய் நுழையும். அதை அடைப்பது யார் செலவு என்று முன்னாலேயே பேசிவிடுங்கள்.

மேஸ்திரிக்கு மூன்று வாரமாவது ஆகும். 6 இஞ்ச் கல் சுமார் 400, பத்தடிக்கு ஒரு பில்லர், அடியில் சுவர் நீளத்துக்கும் ஓடும் ஒரு கான்கிரீட் பெல்ட். பல்லடம், சூலூர் பக்கத்துக் கரிசல் மண்ணில் இதுதான் நிற்கும். அந்த மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். 2 அடிக் குழியில் நட்ட ரெடிமேட் தூண் நாளடைவில் சாயத் தொடங்கும். கடைக்கால் கரிசலைத் தாண்டிக் கெட்டி மண்ணைத் தொட வேண்டும். சுவரின் அடியில் பத்தடிக்கு ஒரு 2 இஞ்ச் பைப் வைக்காவிட்டால் மழைத் தண்ணீர் தேங்கிச் சுவரைத் தள்ளும். கூலிக்கு மட்டும் பேசினால், கட்டிய சுவருக்கு ஏழு நாள் தண்ணீர் விடுவது உங்கள் வேலை.

தகடு மலிவு. ஆனால் ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வருவதால், பொள்ளாச்சி, உடுமலையில் தென்வடலாக ஓடும் வேலி அதை முழுசாக வாங்கும். கிழமேலாக ஓடும் பக்கத்துக்குப் பரவாயில்லை. தகடு 0.5 மில்லி கனம், அதைத் தாங்கும் இரும்புக் குழாய் 2 மில்லி கனம் என்று எழுதி வாங்குங்கள். வெல்டிங் வைத்த இடத்தில் பிரைமர் அடிக்காமல் போனால் துரு அங்கிருந்துதான் கிளம்பும்.

(காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் போடும் கிளுவைச் செடி வேலி மாட்டுக்குச் சரி, கோடையில் இலை உதிர்த்துவிடுவதால் மறைப்புக்கு ஆகாது.)

செம்மண், சமதளம் என்றால் ரெடிமேட் போதும். கரிசலில் மேஸ்திரியைத் தவிர வேறு யோசனை வேண்டாம்.

யாரை வைத்தாலும் முதலில் நில அளவையரைக் கொண்டு பொழியை, அதாவது மனை எல்லையை, அளந்து, பக்கத்து வீட்டுக்காரரையும் நிற்க வைத்துக் கல் நடுங்கள். பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுக்க வேண்டாம். பொருள் இறங்கியதும் ஒரு பங்கு, குழியை நீங்கள் பார்த்த பிறகு ஒரு பங்கு. கடைசிப் பத்து சதவீதம் முதல் கனமழை முடியும்வரை உங்களிடமே இருக்கட்டும்.