பதினாறுக்கு வளையும் மணிச்சட்டம்

போன மாதம் சிங்கப்பூர் சைனாடவுனில் ஒரு சின்னக் கடையில் 38 வெள்ளிக்கு இந்த மணிச்சட்டத்தை வாங்கினேன். மொத்தம் 13 குச்சிகள். ஒவ்வொன்றிலும் குறுக்குக் கட்டைக்கு மேலே இரண்டு மணி, கீழே ஐந்து. வாங்கப் போகிறவர்கள் முதலில் இதை எண்ணிப் பாருங்கள். மனக்கணக்கு வகுப்புக்குப் பிள்ளைகள் எடுத்துப் போகும் ஜப்பானிய அபாகஸில் மேலே ஒன்று, கீழே நாலுதான். ஒரு குச்சியில் 9-க்கு மேல் ஏறாது. சீன வகையில் மேல் மணி ஒவ்வொன்றும் ஐந்து, கீழ் மணி ஒவ்வொன்றும் ஒன்று. ஆக, 15 வரை வைக்கலாம்.

அந்தக் கூடுதல் மணிகளுக்கு அப்போது வேலை இருந்தது. அப்பா தேக்காவில் மளிகைக் கடைக் கணக்கு எழுதியவர். எடையெல்லாம் கட்டியும் தாஹிலும்தான். 16 தாஹில் ஒரு கட்டி. பக்கத்துக் கடை தவுக்கே, அதாவது சீன முதலாளி, ஒரு குச்சியில் 15 தாஹில் வரை ஏற்றுவார். பதினாறானதும் அதைக் காலி செய்து இடப்பக்கக் குச்சியில் ஒரு மணியைத் தள்ளுவார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

முப்பது வருஷம் கணக்கு டியூஷன் எடுத்த எனக்கு இதில் பகா எண்களை வைத்துப் பார்க்கத்தான் ஆசை. பத்துக்குப் பதிலாகப் பதினாறை அடிமானமாக வைத்தால், அதாவது ஒவ்வொரு குச்சிக்கும் அதன் வலப்பக்கக் குச்சியைவிடப் பதினாறு மடங்கு மதிப்புக் கொடுத்தால், 17 என்பது 11. 257 என்பது 101. 65537 என்பது 10001. மூன்றுமே பகா எண்கள். 65537-க்கு இரண்டே மணி போதும், நடுவில் மூன்று வெறும் குச்சிகள். எத்தனை முறை வைத்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

உயர்நிலை ஒன்றில் படிக்கும் பேரன் 1001 வைத்தான். "பாட்டி, இதுவும் பகா எண்தானே?"

இல்லை. அது 4097. வழக்கமான எண்ணை 11 வகுக்குமா என்று பார்க்க, இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழிப்போமே, பதினாறு அடிமானத்தில் அதே வழி 17-க்குப் பொருந்தும். 1001-இல் ஒரு மணி ஒற்றை இடத்தில், இன்னொன்று இரட்டை இடத்தில். கழித்தால் சுழியம். 17 × 241. 10001-இல் இரண்டு மணியும் ஒற்றை இடங்களிலேயே விழுவதால் 17-ஆல் வகுபடாது. இதை அவனே விரலால் தொட்டு எண்ணிக் கண்டுபிடித்தான். பலகையில் எழுதிக் காட்டி இவ்வளவு சீக்கிரம் நான் யாருக்கும் புரிய வைத்ததில்லை.

அப்புறம் 17, 257, 65537 என்ற வரிசையில் அடுத்ததாக, நடுவில் ஏழு வெறும் குச்சி விட்டு வைத்தோம். 4294967297. இதுவும் பகா எண் என்றே கணித மேதை ஃபெர்மா நம்பினார். 641 இதை வகுக்கும் என்று 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் காட்டினார். பேரன் கால்குலேட்டரில் வகுத்தான். மீதியில்லாமல் 6700417 வந்ததும் அம்மாவைக் கூப்பிட ஓடினான்.

குறையும் உண்டு. நாலாவது குச்சியில் மணிகள் இறுக்கம். மெழுகு தேய்த்த பிறகு சரியானது. அடியில் ரப்பர் இல்லாததால் மேசையில் வழுக்குகிறது, துணி விரித்துத்தான் வைக்கிறேன். வார்னிஷ் வாடை ஒரு வாரம் இருந்தது.

இந்த வரிசையின் அடுத்த எண்ணுக்கு நடுவில் 15 வெறும் குச்சி வேண்டும். அதுவும் பகு எண்தான், ஆனாலும் வைத்துப் பார்க்க வேண்டும். 17 குச்சி உள்ள சட்டம் வந்தால் போன் பண்ணச் சொல்லிக் கடை ஆண்ட்டியிடம் நம்பர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.