எண்ணெய்க் கசிவு அபாயம்: சராசரிக் கணக்கா, மோசமான நாளின் கணக்கா?

கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டுமுன் சுற்றுச்சூழல் அபாயத்தை இரண்டு விதமாகக் கணக்குப் போடலாம். கசிவு நேரும் வாய்ப்பைக் கசியும் அளவால் பெருக்கும் சராசரிக் கணக்கு ஒன்று. வாய்ப்பை ஓரமாக வைத்துவிட்டு, கிணறு கட்டுமீறினால் அதிகபட்சம் எவ்வளவு கொட்டும் என்று பார்க்கும் மோசமான நாளின் கணக்கு மற்றொன்று.

குழாய் அரிப்பு, வால்வு ஒழுகல் போன்ற சில்லறைக் கசிவுகளுக்கு முதல் கணக்கு நன்றாகவே பொருந்தும். அவை அடிக்கடி நடப்பவை, பதிவுகளும் ஏராளம். சிக்கல் பெருக்கலில் இருக்கிறது. பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்பு, கொட்டுவது 40 லட்சம் பீப்பாய் என்று வைத்துக்கொள்வோம். விடை 400. கட்டாயம் சிந்தப்போகிற 400 பீப்பாய்க்கும் இதே விடைதான். தாளில் இரண்டும் சமம். சதுப்புநிலத்து நண்டுக்கு அப்படியில்லை.

அப்படியானால் இரண்டாவது கணக்கே போதுமா? அதிலும் ஏமாற்ற இடமுண்டு. மெக்சிகோ வளைகுடாவுக்காக பிபி எண்ணெய் நிறுவனம் வைத்திருந்த கசிவுச் சமாளிப்புத் திட்டத்தில், ஒரு நாளில் 2.5 லட்சம் பீப்பாய் கொட்டும் நிலைமை வரை எழுதியிருந்தார்கள், நாளொன்றுக்கு 4.9 லட்சம் பீப்பாய் அள்ளும் வசதி இருப்பதாகவும் சொல்லியிருந்தார்கள். அதே திட்டத்தின் உயிரினப் பட்டியலில் பனிக்கடல் விலங்கான வால்ரஸும் இருந்தது. (வெதுவெதுப்பான அந்த வளைகுடாவில் வால்ரஸுக்கு என்ன வேலை?) 2010 ஏப்ரலில் அதே வளைகுடாவில் பிபிக்காகக் கிணறு தோண்டிய டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள், கிணறு 87 நாள் கொட்டியது. அமெரிக்க அரசின் அன்றைய மதிப்பீட்டில், வெளிவந்த எண்ணெயில் ஸ்கிம்மர்கள் (நீர்ப்பரப்பிலிருந்து எண்ணெயை வழித்தெடுக்கும் கருவிகள்) அள்ளியது சுமார் 3 சதவீதம்; எரித்தது 5.

கரையோர உணர்திறன் வரைபடங்களையும் சிலர் மாற்றாகச் சொல்வதுண்டு. எண்ணெய் பட்டால் எந்தக் கரை அதிகம் பாதிக்கும் என்று, அலை மோதும் பாறைக்கரைக்கு 1, அலையாத்திக் காடுகளுக்கு 10 எனத் தரம் பிரிப்பது பயனுள்ள வேலைதான். ஆனால் 2010இல் எண்ணெயின் ஒரு பகுதி கரைக்கே வராமல், சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் படலமாகப் பரவியது. கரை வரைபடத்துக்கு அது கண்ணிலேயே படாது.

என் கட்சி இதுதான்: ஓடிக்கொண்டிருக்கும் குழாய்களுக்கும் மேடைகளுக்கும் சராசரிக் கணக்கு, புதிய கிணற்றுக்கு மோசமான நாளின் கணக்கு. அதிலும் பீப்பாய் எண்ணிக்கையைவிட நாள் எண்ணிக்கையைத்தான் துருவிக் கேட்பேன். ‘ஆழம் குறைந்த கடல்தானே’ என்ற சமாதானம் செல்லாது. மெக்சிகோவின் இக்ஸ்டாக் 1 கிணறு சுமார் 50 மீட்டர் ஆழத்தில்தான் இருந்தது; 1979 ஜூனில் வெடித்ததை 1980 மார்ச்சில்தான் மூட முடிந்தது. ஆஸ்திரேலியாவின் மொண்டாரா கிணறு 2009இல் 74 நாள் கசிந்தது. அதை அடைக்க, பக்கத்திலிருந்து அதை எட்டும் நிவாரணக் கிணற்றைத் தோண்டும் ரிக் (துளையிடும் மேடை) சிங்கப்பூரிலிருந்து வர வேண்டியிருந்தது. விண்ணப்பத்தில் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்: மாற்று ரிக் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது, வந்துசேர எத்தனை நாள்?