கடைமடையில் மஞ்சுளா மணி பிளான்ட்: வளர்த்துப் பார்த்ததில்

மஞ்சுளா ரகத்தைத் தொங்கும் கொடி என்றுதான் விற்கிறார்கள். ஆனால் தொங்குவதற்கு அது அவசரமே படாது. ஜன்னலை மறைத்துத் திரை மாதிரி இறங்க வேண்டுமென்றால் சாதாரணப் பச்சை மணி பிளான்ட்டையே வாங்கிக்கொள்ளுங்கள். இது கணுக்களை நெருக்கி நெருக்கி விட்டுத் தொட்டிக்குள்ளேயே அடர்ந்துகொள்ளும். காவிரிப் பாசனத்தின் கடைமடையான நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக் கிழக்குத் தாழ்வாரத்தில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கவிட்டோம். மஞ்சுளா ஒரு முழம் இறங்குவதற்குள் பச்சை உத்தரத்தையே சுற்றிவிட்டது.

அப்புறம் ஏன் வளர்க்கிறேன்? இலைக்காகத்தான். அகலமான, ஓரம் அலையடித்த இலை. அதில் வெண்ணெய் நிறமும் வெளிர் பச்சையும் சாம்பல் பச்சையும் தெளித்த மாதிரி கலந்திருக்கும்; ஓர் இலை மாதிரி இன்னொன்று வராது. "மணி பிளான்ட்டுக்குப் போய் யாராவது காசு குடுப்பாங்களா, பக்கத்து வீட்ல கிள்ளிட்டு வந்தாத்தானே அதிர்ஷ்டம்" என்று அத்தை இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். வந்தவர்களிடம் முதலில் காட்டுவதும் அவர்தான்.

இது இந்தியாவில் கண்டெடுத்து, அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ரகம். மணி பிளான்ட் அநேகமாகப் பூக்கவே பூக்காது. பூப்பதற்குத் தேவையான ஜிபெரலின் என்ற தாவர ஹார்மோன் அதன் உடம்பில் சரியாக உற்பத்தியாவதில்லை என்று 2016-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பூவே இல்லாததால், மகரந்தம் சேர்த்துப் புது ரகம் உண்டாக்க வழியில்லை. கிளையில் தானாகவோ தூண்டியோ வரும் மாற்றத்தைப் பிடித்து, பதியன் போட்டுப் பெருக்க வேண்டியதுதான். அப்படி வந்த நிறம் திரும்பிப் போகவும் செய்யும். வெளிச்சம் குறைந்த மழை மாதங்களில் எங்கள் செடியில் ஒரு கிளை முழுப் பச்சையாகக் கிளம்பியது. நிறம் கலந்த கடைசி இலைக்கு மேலே வெட்டிவிட்டேன். விட்டிருந்தால் பச்சை வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கியிருக்கும். முழு வெள்ளையாக வரும் கிளையும் வேண்டாம். பச்சையம் இல்லாததால் அதைத் தனியே நட்டால் பிழைக்காது.

மண் விஷயத்தில் நம் வயல் வண்டலை நம்பாதீர்கள். நெல்லுக்கு அது அமிர்தம், ஆனால் தொட்டியில் நனைந்தால் சேறு, காய்ந்தால் ஓடு. கழுவிய தேங்காய் நார்க் கழிவு, கருக்கிய உமி, மண்புழு உரம், கொஞ்சம் மணல் என்று கலந்ததில் வேர் நன்றாக ஓடுகிறது. ரைஸ்மில்லில் கிடைக்கும் வெள்ளைச் சாம்பல் வேண்டாம், காரம் அதிகம். கறுப்பாகக் கருகிய உமிதான் சரி.

தண்ணீர்தான் இங்கே பெரிய தலைவலி. எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் இலையின் வெள்ளைப் பகுதிதான் முதலில் ஓரம் கருகும். பக்கத்துப் பச்சைக்கு ஒன்றும் ஆகாது. குழாயில் வரும் கொள்ளிடத் தண்ணீருக்கு மாற்றிய பிறகு புது இலைகள் சுத்தமாக வருகின்றன. ஐப்பசி கார்த்திகையில் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது. ஆனால் அதே மாதங்களில் மண் காய்வதே இல்லை. விரலை விட்டுப் பார்த்து, மேல் மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். கத்திரி வெயிலைக்கூட நிழலில் தாங்கிக்கொண்டது, நேர் வெயில் பட்ட இலைதான் காகிதமாகப் போனது. மாவுப்பூச்சி ஒருமுறை கணுவிடுக்கில் வந்தது, வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் போதும்.

விலை சாதாரணச் செடியைவிடப் பல மடங்கு. காலை வெளிச்சம் வரும் தாழ்வாரமும் உப்பில்லாத தண்ணீரும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். இருட்டு ஹாலுக்கு என்றால் காசு தண்டம்.

வெட்டிப் போடும் கொடியை ஆட்டுக்கோ மாட்டுக்கோ வைத்துவிடாதீர்கள். இதில் ஊசி மாதிரி நுண்ணிய கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன, வாயும் தொண்டையும் எரியும். வீட்டில் பூனை இருந்தால் தொட்டியை உயரத்திலேயே மாட்டுங்கள்.