நின்ஜா 300-க்குப் புது செயின் செட்: பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்புறம்

என் கவாஸாகி நின்ஜா 300 பைக்கோடு வந்த செயின் இருபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியும் ஓடியது. கடைசி இரண்டாயிரம் கிலோமீட்டரில் வண்டி மேல் எனக்கு ஏகப்பட்ட புகார். இரண்டாவது கியரில் த்ராட்டிலை விட்டுப் பிடித்தால் கீழே ‘டக்’ என்று ஒரு இடி. டிராஃபிக்கில் மெதுவாக உருட்டினால் வெட்டி வெட்டி இழுக்கும். கிளட்ச் போச்சு என்றார் ஒருத்தர், த்ராட்டில் பாடியைக் கழுவச் சொன்னார் இன்னொருத்தர். இரண்டும் இல்லை, எல்லாம் செயின் வேலை. செயின் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். வண்டியின் குணமே அப்படித்தான் என்று நமக்கும் பழகிவிடும்.

கடையில் காட்டினால் கிடைத்த பதில்: “செயின் நல்லாத்தான தம்பி இருக்கு, பின்னாடி ரெண்டு இழுப்பு இழுத்தா போதும்.” பார்வைக்கு அது சரிதான். எண்ணெய் போட்டு மினுக்கி வைத்த செயின் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். அதனால் பார்க்காமல் அளக்க வேண்டும். கவாஸாகி மேனுவலில் இருக்கும் வழி எளிது: செயினில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டு, மேல்பக்கம் நேராக நிற்கும்போது முதல் பின்னின் (லிங்க்குகளைக் கோக்கும் இரும்பு ஊசி) நடுவிலிருந்து இருபத்தியொன்றாவது பின்னின் நடு வரை அளக்கணும். இந்த வண்டியின் 520 அளவுச் செயினின் பிட்ச், அதாவது ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கான தூரம், 15.875 மி.மீ., ஆக 20 லிங்க்குக்குப் புதுசில் 317.5 மி.மீ. 323 ஆகிவிட்டால் மாற்று என்கிறது மேனுவல். என்னுடையது ஒரு இடத்தில் 322, சக்கரத்தைச் சுற்றி இன்னொரு இடத்தில் அளந்தால் 324. இந்த வித்தியாசம்தான் வினை. லூஸாக இருக்கும் இடத்தில் சரிசெய்தால் அரைச் சுற்றில் செயின் கம்பி மாதிரி விறைக்கும். டைட்டான இடத்துக்கு வைத்தால் மறுபக்கம் ஸ்விங்ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) அடிக்கும். அப்புறம் எத்தனை இழுப்பு இழுத்தும் பயனில்லை.

செயின் நீள்வது இரும்பு இழுபடுவதால் அல்ல. ஒவ்வொரு லிங்க்கிலும் பின்னுக்கும் அதைச் சுற்றிய குழலான புஷ்ஷுக்கும் நடுவே கம்பெனி அடைத்த கிரீஸ் இருக்கும், அது வெளியேறாமல் காப்பது இரண்டு பக்கமும் இருக்கும் ரப்பர் ரிங்குகள். ரிங் கிழிந்த லிங்க்கில் கிரீஸ் போய் மண் புகும், அந்த லிங்க் மட்டும் வேகமாகத் தேயும். நாம் மேலே அடிக்கும் ஸ்ப்ரே அந்தப் பின்னுக்கு உள்ளே போகவே போகாது. அது ரப்பர் காயாமல் இருக்கவும், ரோலருக்கும், துருவுக்கும்தான். ஆகவே செயினின் ஆயுள் என்பது அந்த ரப்பரின் ஆயுள். கம்பி பிரஷ், பெட்ரோல், பிரஷர் வாஷ் மூன்றும் இதற்கு எமன். மண்ணெண்ணெயும் மெல்லிய நைலான் பிரஷும் போதும்.

வாங்கியது டி.ஐ.டி 520 விஎக்ஸ்3, எக்ஸ்-ரிங் (ரப்பர் ரிங் எக்ஸ் வடிவம்), ரிவெட் லிங்க் (பின் தலையை அடித்து மலர்த்தும் இணைப்பு). கூடவே முன் 14, பின் 42 பல் இரும்பு ஸ்ப்ராக்கெட்டுகள், அதாவது செயின் ஓடும் பல்சக்கரங்கள். எல்லாம் சேர்ந்து பத்தாயிரம் ரூபாயைத் தொட்டது. வயிறு எரியத்தான் செய்தது. செயினை மட்டும் மாற்றலாமே என்று கேட்பவர்களுக்கு: நீண்ட செயினோடு தேய்ந்த பல்லின் குழி அந்த நீண்ட பிட்ச்சுக்குப் பழகியிருக்கும். அதில் புதுசை மாட்டினால் சுமை சில பற்களில் மட்டும் ஏறி, புது செயினும் சீக்கிரம் பழசாகும். பிராண்ட் பெயர் போட்ட போலி செயின்கள் சந்தையில் உலவுகின்றன, நம்பிக்கையான கடையில் பில்லோடு வாங்குங்கள். கோயம்புத்தூரின் ரோலான் உட்பட நம்மூர் செயின்களும் உண்டு. 150 சிசி வண்டியாக இருந்தால் அந்தப் பக்கம்தான் முதலில் போயிருப்பேன்.

மாட்டும் வேலையை ஒரு நண்பரின் ஷெட்டில், பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்ட் போட்டு நாங்களே செய்தோம். பழைய செயினை அறுக்கும் முன்பே முன் ஸ்ப்ராக்கெட் நட்டைக் கழற்றிவிட வேண்டும். பின் பிரேக்கை ஒருத்தர் மிதித்துக்கொண்டால் செயின்தான் சக்கரத்தையும் கியர் ஷாஃப்ட்டையும் பிடித்து நிறுத்தும். செயின் போய்விட்டால் பிடிமானம் போச்சு. நட்டின் லாக் வாஷர் மடிப்பை உளியால் நிமிர்த்தியபின்தான் ஸ்பேனர் வைக்கணும். ஸ்ப்ராக்கெட் கவரைத் திறந்தால் உள்ளே ஸ்ப்ரேயும் மண்ணும் சேர்ந்து திருநெல்வேலி அல்வா பதத்துக்கு அப்பிக் கிடந்தது.

பழைய பின் ஸ்ப்ராக்கெட்டைத் துடைத்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஒன்று விட்டு ஒரு பல்லில் மட்டும் பக்கவாட்டில் பளபளவென உரசிய தடம். கொஞ்சம் யோசித்தால் காரணம் புரியும். 14, 42, 106 லிங்க் மூன்றும் இரட்டைப்படை. ஒரு பல்லில் உள் லிங்க் உட்கார்ந்தால் எத்தனை சுற்று சுற்றினாலும் அதில் உள் லிங்க்தான் வரும். பக்கத்துப் பல்லுக்கு எப்போதும் வெளி லிங்க். உள் தகடுகள் பல்லை ஒட்டி நெருங்கியிருப்பதால் அவைதான் உரசுகின்றன. அந்தத் தடம் ஒரே பக்கத்தில் மட்டும் ஆழமாக இருந்தால் சக்கரம் கோணலாக நின்று ஓடியிருக்கிறது என்று அர்த்தம். ஸ்விங்ஆர்ம் மேல் இருக்கும் கோடுகளை மட்டும் நம்பாமல், ஸ்விங்ஆர்ம் அசையும் பிவட்டிலிருந்து பின் அச்சு வரை இரண்டு பக்கமும் அளந்து வைப்பது நல்லது.

120 லிங்க்காக வந்ததை 106-க்கு வெட்டினோம். பின்னின் தலையை கிரைண்டரில் தேய்த்துவிட்டுத்தான் செயின் கட்டரால் தள்ள வேண்டும், நேரடியாகத் தள்ளினால் கட்டர் முனைதான் உடையும். இரண்டு முனைகளையும் சேர்க்கும் மாஸ்டர் லிங்க்கின் நான்கு ரிங்கையும், கூட வரும் கிரீஸையும் மறக்கக் கூடாது. ரிவெட் அடித்த பிறகு அந்தப் பின்னின் தலை 5.5 முதல் 5.8 மி.மீ.க்குள் மலர்ந்திருக்கணும் என்பது டி.ஐ.டி சொல்லும் கணக்கு. வெர்னியர் வைத்துப் பார்த்தோம்: 5.6, 5.7. குறைந்தால் கழலும், மிஞ்சினால் தலை வெடிக்கும். ரிவெட்டுக்குப் பதில் கிளிப் மாட்டும் கிளிப் லிங்க் சுலபம்தான், ஆனால் இந்த வண்டிக்கு எனக்கு மனசு வரவில்லை. பின் அச்சு நட் 98 நியூட்டன் மீட்டர், புது காட்டர் பின். வேலை முடிந்தது.

முதல் ஐந்நூறு கிலோமீட்டரில் லேசாக லூஸ் ஆனது. அது பின்னும் புஷ்ஷும் படியும் நேரம், ஒருமுறை சரிசெய்தோம். அதன்பிறகு அட்ஜஸ்டரைத் தொட வேண்டிய தேவை அபூர்வமாகத்தான் வந்தது. இப்போது பத்தாயிரம் கடந்து அளந்தால் 20 லிங்க் 319-ஐத் தொடவில்லை, எந்த இடத்தில் அளந்தாலும் கிட்டத்தட்ட அதே எண். வடகிழக்குப் பருவமழையில் நனைந்த மறுநாள் மட்டும் வெளித் தகட்டில் செம்பழுப்பு பூக்கும், துடைத்து எண்ணெய் போட்டால் போய்விடும். மேனுவல் 600 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் போடச் சொல்கிறது. மழையில் அதற்குக் காத்திருக்காதீர்கள். நான் இப்போது ஸ்ப்ரேயை விட்டுவிட்டு 90 கியர் ஆயிலுக்கு வந்துவிட்டேன்: விலை குறைவு, மண் குறைவாக ஒட்டும். ரிம்மில் தெறிக்கும், இரவே போட்டு வைத்து காலையில் துணியால் துடைத்துவிட வேண்டும். வெள்ளை ரிம் வைத்திருப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

சர்வீஸுக்கு விட்டு எடுக்கும் ஒவ்வொரு முறையும் செயின் டைட் ஆகி வருவதுதான் இன்னும் தீராத தலைவலி. லூஸ் செயின் சத்தம் போட்டு ஊரைக் கூட்டும், டைட் செயின் சத்தமில்லாமல் வேலையைக் காட்டும். ஆள் ஏறி உட்கார்ந்து, பின் சஸ்பென்ஷன் அமுங்கி, முன் ஸ்ப்ராக்கெட்டும் ஸ்விங்ஆர்ம் பிவட்டும் பின் அச்சும் நேர்கோட்டுக்கு வரும்போதுதான் செயினுக்கு அதிக நீளம் தேவைப்படும். அங்கே இடம் இல்லையென்றால் கியர்பாக்ஸ் அவுட்புட் ஷாஃப்ட் பேரிங் அந்த இழுவையைத் தாங்கணும். அந்த பேரிங்கை மாற்ற இன்ஜினையே பிரிக்க வேண்டும். அதனால் ஜாப் கார்டில் “செயினைத் தொட வேண்டாம்” என்று எழுதச் சொல்கிறேன், வண்டியை எடுக்கும்போது கவுன்டர் முன்னாலேயே விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

பிக்கப்புக்காக முன் ஸ்ப்ராக்கெட்டை 13 பல்லாக மாற்றலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஊருக்குள் சுகமாக இருக்கும், ஆனால் ஹைவேயில் அதே வேகத்துக்கு ஆர்பிஎம் கிட்டத்தட்ட 8 சதவீதம் ஏறும். தவிர சின்னப் பல்சக்கரத்தில் செயின் கூடுதலாக வளையும், ஸ்விங்ஆர்மின் ரப்பர் ஸ்லைடரையும் அதிகம் உரசும். வேலூர், சேலம் என்று நெடுஞ்சாலையிலேயே ஓடும் எனக்கு 14 போதும். ஏற்காடு மாதிரி மலைக்கே அதிகம் போகிறவர்கள் 13 போட்டுப் பார்க்கலாம், ஸ்லைடரை மட்டும் அடிக்கடி குனிந்து பாருங்கள்.