போர்ஜியாவும் ஜூலியஸும்: யார் கணக்கு உதைக்கிறது?

மறுமலர்ச்சிக் கால பாப்பரசர்களில் படுமோசமானவர் யார் என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் சொல்லும் பெயர் ரோட்ரிகோ போர்ஜியா. 1492 முதல் 1503 வரை ஆறாம் அலெக்சாண்டர் என்ற பெயரில் பதவி வகித்தவர். அவருடைய பரம விரோதி ஜூலியானோ டெல்லா ரோவெரே, அதே 1503-இல் இரண்டாம் ஜூலியஸ் ஆனார். இவர் பெயரைச் சொன்னாலோ வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கேலாஞ்சலோ ஓவியம் வரைந்த கூரைதான் கண்முன் வரும். ஒருவருக்கு வசை, இன்னொருவருக்கு ஓவியம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு அவ்வளவு சுலபமாக நிற்கவில்லை.

பதவிக்கு வந்த வழியில் இருவரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். போர்ஜியாவின் தாய்மாமன் மூன்றாம் கலிஸ்டஸ்; ஜூலியஸின் அப்பாவோடு பிறந்தவர் நான்காம் சிக்ஸ்டஸ். அந்த இரண்டு பேருமே பாப்பரசர்கள், இரண்டு பேருமே கூடப்பிறந்தவரின் பிள்ளையைக் கர்தினால் (பாப்பரசரைத் தேர்ந்தெடுக்கும் உயர் குரு) ஆக்கியவர்கள். 1492 தேர்தலில் தன்னை ஆதரித்த அஸ்கானியோ ஸ்ஃபோர்சாவுக்குத் தன் பழைய பதவியையும் மாளிகையையுமே தூக்கிக் கொடுத்தார் போர்ஜியா. கோவேறு கழுதைகளில் வெள்ளி போனது என்பது ஊர்ப்பேச்சு. ஜூலியஸ் மட்டும் என்ன? போர்ஜியாவின் மகன் சேசரேக்கே வாக்குறுதிகளை அள்ளிவிட்டு, அவன் பேச்சைக் கேட்கும் ஸ்பானிய கர்தினால்களின் ஓட்டை வாங்கினார். ஜெயித்ததும் அதே சேசரேயைக் காவலில் வைத்தார். அப்புறம், காசு கொடுத்து நடக்கும் பாப்பரசர் தேர்தல் செல்லாது என்று ஆணை போட்டார். மாடி ஏறியபின் ஏணியை இழுத்துக்கொள்வது இதுதான்.

பிள்ளைகள் விஷயத்திலும் எண்ணிக்கைதான் வித்தியாசம். வனோட்சா என்ற பெண்ணிடம் போர்ஜியாவுக்கு நான்கு பிள்ளைகள். ஜூலியஸுக்கு ஃபெலீச்சே என்று ஒரு மகள். ஆனால் போர்ஜியா பிள்ளைகளுக்காகவே ஆட்சி செய்தார். மகனைக் கர்தினால் ஆக்கினார், பிறகு அங்கியைக் கழற்றவைத்து இத்தாலியின் ரோமாஞா வட்டாரத்தில் அவனுக்கென்று ஒரு நாடு பிடிக்க அனுப்பினார். அப்பா கண்ணை மூடியதும் அந்த நாடு ஓராண்டுகூடத் தாங்கவில்லை. ஜூலியஸ் தம்பி மகனுக்கு பெசாரோ நகரைக் கொடுத்தார் என்பது உண்மைதான்; ஆனால் பிடித்ததில் பெரும்பகுதியை திருச்சபையின் கையிலேயே விட்டுப் போனார். இந்த ஒரு இடத்தில் ஜூலியஸுக்குத்தான் என் ஓட்டு.

போர்ஜியாவின் அவப்பெயருக்குப் பெரிதும் காரணம் சடங்குகளை நடத்திய புர்க்கார்டின் நாட்குறிப்பு. 1501 அக்டோபர் 31 இரவு 50 கணிகையர் கலந்துகொண்ட விருந்தை எழுதிவைத்தவர் அவர்தான். அதைச் சந்தேகிக்கும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. ஆனால் போர்ஜியாவின் சாவை அவர் எழுதியிருப்பதை எளிதில் மறக்க முடியாது. ஆகஸ்ட் வெயில், உடல் கறுத்து ஊதிவிட்டது, பெட்டியோ சின்னது. தச்சர்கள் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய கம்பளம் ஒன்றைப் போர்த்தி, கையால் குத்திக் குத்தி உள்ளே திணித்தார்களாம்.

ஜூலியஸிடம் வேறு மாதிரிக் காட்சி. 1511 ஜனவரி, கொட்டும் பனி. அறுபதைத் தாண்டிய பாப்பரசர் மிராந்தோலா கோட்டையைத் தானே நின்று முற்றுகையிட்டு, உடைந்த மதில் வழியாக ஏணி வைத்து உள்ளே ஏறுகிறார். மைக்கேலாஞ்சலோ வார்த்த அவருடைய வெண்கலச் சிலையை அதே ஆண்டு எதிரிகள் உருக்கிப் பீரங்கி செய்து, அதற்கு 'ஜூலியா' என்று பெயரும் வைத்தார்கள். சரியான குசும்பு.

இந்தக் கூத்துகளை ஒதுக்கினால் மிஞ்சுவது இரண்டு காரியங்கள். 1493-இல் போர்ஜியா அட்லாண்டிக்கில் ஒரு கோடு கிழித்து, அதற்கு மேற்கே உள்ளதையெல்லாம் ஸ்பெயினுக்கு எழுதிக்கொடுத்தார். அங்கே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு தோர்தெசில்லாஸ் ஒப்பந்தத்தில் ஸ்பெயினும் போர்ச்சுக்கல்லும் அந்த எல்லைக்கோட்டை இன்னும் மேற்கே தள்ளின. பிரேசில் இன்று போர்த்துகீசியம் பேசுவது அதனால்தான். போர்ஜியாவின் படுக்கையறையைவிட இந்தக் காகிதத்துக்காகத்தான் அவரைக் கூண்டில் ஏற்ற வேண்டும். வேடிக்கை என்னவென்றால், 1506-இல் அந்த ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்தவர் ஜூலியஸ். போர்ஜியாவின் படம் இருக்கும் அறைகளில் தங்க மாட்டேன் என்று 1507-இல் மாடிக்குக் குடிபோனவர், அந்த விரோதியின் காரியத்துக்கு மட்டும் முத்திரை குத்தியிருக்கிறார். (மாடி அறைகளுக்குத்தான் ரஃபேல் ஓவியம் தீட்டினார். பகையாலும் சில நன்மைகள்.)

இரண்டாவது, ஜூலியஸ் 1506-இல் அடிக்கல் நாட்டிய புதிய புனித பேதுரு பேராலயம். அதற்குப் பணம் திரட்ட பாவமன்னிப்புச் சலுகையை அறிவித்தார். அடுத்து வந்த பத்தாம் லியோ அதைப் புதுப்பித்தார். 1517-இல் இந்தச் சலுகை வியாபாரத்தை எதிர்த்து ஜெர்மன் துறவி மார்ட்டின் லூதர் வெடித்தார். திருச்சபை இரண்டாக உடைந்ததில் போர்ஜியாவின் பிள்ளைகளைவிட ஜூலியஸின் கட்டடத்துக்குப் பங்கு அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்போது போர்ஜியாவின் எலும்புகள் ரோமில் ஸ்பானியர்களின் தேவாலயத்தில், தாய்மாமன் கலிஸ்டஸோடு ஒரே கல்லறையில். சுமார் 40 சிலைகளோடு தனக்கொரு மாபெரும் கல்லறைக்குத் திட்டம் போட்ட ஜூலியஸ், மோசே சிலை இருக்கும் அந்தக் கல்லறையில் இல்லை. பேதுரு பேராலயத்தில் தரையோடு தரையாக ஒரு கல்லின் கீழே, சிக்ஸ்டஸோடு கிடக்கிறார்.