முதல் பீர்: 3ஆம் பாட்டில் பொங்கியது, 34ஆம் பாட்டிலில் காற்றே இல்லை

வீட்டிலேயே பீர் காய்ச்ச ஆரம்பித்துப் பதினான்கு மாதம் ஆகிறது. ஒன்பது பேட்ச் முடிந்துவிட்டது. இருந்தாலும் நான் அதிகம் கற்றுக்கொண்டது சொதப்பிப்போன அந்த முதல் பேட்சில்தான்.

500 மி.லி. பாட்டில்கள் 38, கிட்டத்தட்ட 19 லிட்டர். பாட்டிலில் அடைத்த எட்டாம் நாளே பொறுமை போய் ஒன்றைத் திறந்தேன். சத்தமே வரவில்லை. கிளாஸில் ஊற்றினால் ஆறிப்போன டீ மாதிரி கிடந்தது. வாயில் வைத்ததும் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரின் வாடை. மறுநாள் இன்னொன்றைத் திறந்தேன். மூடியை நெம்பியதுமே நுரை பீறிட்டு மேசையெல்லாம் வழிந்து, பாட்டிலில் பாதிதான் மிஞ்சியது. ஒரே வாளியில் இருந்து ஒரே மாலையில் அடைத்தவை இரண்டும்!

நல்லவேளையாக மூடிகளில் வரிசை எண் எழுதியிருந்தேன். ஏதோ ஆசைக்கு எழுதியதுதான், பிறகு அதுவே துப்பாக அமைந்தது. பொங்கியது 3ஆம் எண், செத்துக் கிடந்தது 34. எல்லாப் பாட்டிலும் பொங்கியிருந்தால் நொதிப்பு முடியும் முன்பே அடைத்துவிட்டேன், அல்லது காட்டு ஈஸ்ட் புகுந்துவிட்டது என்று நினைத்திருப்பேன். முதலில் அடைத்தவை பொங்கி, கடைசியில் அடைத்தவை சப்பென்று இருந்தால், பாட்டிலுக்குள் ஈஸ்ட் வாயு உண்டாக்குவதற்காக அடைக்கும்போது சேர்க்கும் சர்க்கரை சரியாகக் கலக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

நான் செய்தது இதுதான். 120 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து, வாளியில் இருந்த பீரின் மேல் ஊற்றினேன். கலக்கினால் ஆக்சிஜன் சேரும் என்ற பயத்தில் கரண்டியே போடவில்லை. பாகு பீரைவிடக் கனமானது, அடியில் போய்த் தங்கிவிட்டது. குழாயும் வாளியின் அடியில்தான். முதல் பாட்டில்கள் இனிப்பை அள்ளிக்கொண்டன, கடைசிப் பாட்டில்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அளவில் தப்பில்லை. லிட்டருக்குச் சுமார் 4 கிராம் சர்க்கரை ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடு தரும், அதாவது பீரின் கன அளவுக்குச் சமமான வாயு. 20 டிகிரியில் நொதித்த பீரில் ஏற்கெனவே முக்கால் பங்குக்கு மேல் கரைந்திருக்கும். லிட்டருக்கு 6 கிராம் சேர்த்தால் வழக்கமான ஏல் வகை பீருக்கு வேண்டிய இரண்டரைப் பங்கை ஏறக்குறைய எட்டிவிடலாம். இரண்டாம் பேட்சில் இருந்து பாகை முதலில் காலி வாளியில் ஊற்றுகிறேன். அதன் மேல் பீரை, குழாயின் நுனி திரவத்துக்குள்ளேயே இருக்கும்படி, சுழன்று இறங்க விடுகிறேன். கடைசியில் சுத்தமான கரண்டியால் சளசளக்காமல் நிதானமாக நாலு சுற்று. பிறகு இந்தச் சிக்கல் வரவேயில்லை.

எட்டாம் நாள் திறந்ததும் அவசரம்தான். பாட்டில்கள் இருந்த அறை 16 டிகிரி, அந்தக் குளிரில் ஈஸ்ட் சோம்பிவிடும். 21 டிகிரி இருக்கும் அலமாரிக்கு மாற்றி மூன்று வாரம் விட்டதும் 12 முதல் 25 வரையான பாட்டில்கள் வாயு விஷயத்தில் அருமையாகத் தேறின. 30க்கு மேல் உள்ளவை நாக்கில் லேசாகக் கூசியதோடு சரி. முதல் எட்டில் மிஞ்சியவற்றை மூடிபோட்ட பெட்டிக்குள் வைத்து, கையுறையோடு எடுத்து ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவிட்டு, தொட்டிக்கு மேலேயே வைத்து மெல்லத் திறந்தேன். கண்ணாடி வெடித்தால் விளையாட்டில்லை.

வாடைக் கதைதான் நீளம். சந்தேகத்துக்கு இரண்டு பேர்: குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின், வாளி கழுவிய பிளீச்சிங் திரவம். குளோரின் பீரில் உள்ள ஃபீனால்களோடு சேர்ந்து குளோரோஃபீனால் ஆகிவிட்டால் துளியூண்டு இருந்தாலே மூக்குக்குத் தெரியும், நாள்பட வைத்தாலும் போகாது. இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாதே. அதனால் இரண்டாம் பேட்சில் கிருமிநீக்கியை மட்டும் மாற்றினேன். வாடை குறைந்தது, போகவில்லை. மூன்றாவதில் காய்ச்சும் தண்ணீரில், குளோரினை முறிக்கும் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் மாத்திரையில் கால் துண்டைப் பொடித்துப் போட்டேன். 20 லிட்டருக்கு அது தாராளம். சுத்தமாகப் போய்விட்டது. கொதிக்கவைத்தாலே போதும் என்பார்கள். குளோரினுக்குச் சரி, தண்ணீரில் குளோரினுக்குப் பதில் குளோரமைன் சேர்த்திருந்தால் அது அவ்வளவு சுலபத்தில் போகாது.

இன்னொரு சுவையும் ஒளிந்திருந்தது: பச்சை ஆப்பிள். இது அசிட்டால்டிஹைடு. ஈஸ்ட் ஆல்கஹாலுக்குப் போகும் வழியில் உண்டாக்குவது. வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக் மூடியில் குமிழி நின்றதும் எல்லாம் முடிந்தது என்று நம்பி அடைத்ததன் பலன். இது மட்டும் பாட்டிலிலேயே மெல்ல அடங்கியது. ஆறாம் வாரம் தேடினால்தான் தெரிந்தது. இப்போது, பீரில் சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்பதை அடர்த்தியை வைத்துக் காட்டும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் இடைவெளியில் ஒரே எண்ணைக் காட்டாமல் நான் பாட்டிலைத் தொடுவதே இல்லை.

ஐந்தாம் மாதம் அலமாரியின் மூலையில் 22ஆம் எண் கிடைத்தது. நுரை கிளாஸின் விளிம்பில் வெள்ளையாய்ப் படிந்து நின்றது, பார்க்கவே அழகு. குடித்தால் அதே பிளாஸ்டர், கூடவே ஆக்சிஜன் பட்டதால் வரும் ஈர அட்டைப்பெட்டி வாசம். ஊற்றிவிட்டேன்.

இப்போது ஒவ்வொரு பேட்சிலும் ஒரு பாட்டில் மட்டும் பிளாஸ்டிக்கில் அடைக்கிறேன், சோடா வரும் பாட்டில். திறக்காமலே அழுத்திப் பார்த்து வாயு சேர்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடலாம். ஒன்பதாம் பேட்சின் பாட்டிலை இன்று காலை அழுத்தினேன். விரல் இன்னும் உள்ளே போகிறது.